பாய்க்குள் இருந்தவன்

உங்கள் ஸ்டேஷன் தேநீர் நன்றாகவே இருக்கிறது, ஐயா. எங்கள் பஸ் டிப்போவில் தருவதை வாயில் வைக்க முடியாது. பதினெட்டு வருடமாக அதைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன். ரெக்கார்டர் ஓடுகிறதா? ஓடட்டும். நீங்கள் கூப்பிட்டதும் மறுபேச்சு இல்லாமல் வந்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் பெனியாமினா. சமோவாவில் சவாயீ தீவில் பிறந்தவன். இங்கே தெற்கு ஆக்லாந்துக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. சர்ச்சில் டீக்கன். எங்கள் குடும்பத் தலைவர் பட்டமும் எனக்குத்தான் வந்தது. சாவோ கல்யாணமோ, சொந்தக்காரர்கள் என்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார்கள். அலேகி என் அக்கா லோசாவின் மகன், பதினைந்து வயது. நல்ல படிப்பு கிடைக்கட்டும் என்று போன வருடம் அக்கா அவனை என்னிடம் அனுப்பிவைத்தாள். சமோவாக்காரர்களிடம் கூடப்பிறந்தவள் வார்த்தைக்குத் தனி மதிப்பு உண்டு. அவள் பிள்ளை நம் பிள்ளைக்கும் ஒரு படி மேல். நான் அதில் குறை வைத்ததில்லை. அவனுக்கு ஷூ வாங்கியது, பல் டாக்டரிடம் கூட்டிப்போனது எல்லாம் நான்தான். என் மனைவியைக் கேளுங்கள். இல்லை, அவளைக் கேட்க வேண்டாம், அவள் எதையாவது சேர்த்துச் சொல்வாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கிரிக்கெட் பார்த்துவிட்டு நானும் அலேகியும் காரில் திரும்பினோம். நான்கு பியர் குடித்திருந்தேன். ஐந்து என்று யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் நான் சண்டைக்கு வரப்போவதில்லை. ரொட்டிக்கடை முனையில் மனாசே என்ற பெரியவர் ரோட்டைக் கடந்தார். கார் அவரைத் தட்டிவிட்டுப் போய் விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது.

ஒரு நிமிடம் யோசித்திருப்பேன். நான் மாட்டினால் லைசென்ஸ் போகும், வேலை போகும், பட்டத்துக்குக் கெட்ட பெயர். அலேகிக்கு என்ன போகும்? இந்த நாட்டில் சின்னப் பையன்களை யாரும் ஒன்றும் செய்வதில்லை. குடும்பத்தைக் கூப்பிட்டு வட்டமாக உட்காரவைப்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள், மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்வார்கள், பார்க்கில் குப்பை பொறுக்கவிடுவார்கள். எங்கள் சர்ச்சிலேயே மூன்று பையன்கள் அப்படி வெளியே வந்தார்கள். ஒருவன் இப்போது எலெக்ட்ரீஷியன். சின்னவனைச் சட்டம் பூப்போலத் தாங்கும்போது, பெரியவன் எதற்காகப் போய் அடிபட வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

"அலேகி, இந்தப் பக்கம் வந்து உக்காரு," என்றேன்.

"மாமா, அந்தத் தாத்தா அசையவே இல்லியே."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். யார் என்ன கேட்டாலும் நீ வாயத் தொறக்காத, அது போதும்."

பொய் சொல்லச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பார்க் வழியாக வீட்டுக்கு நடந்தேன். சட்டையை மாற்றி, வாயைக் கொப்பளித்தேன். போலீஸிடமிருந்து போன் வந்ததும் பதறிக்கொண்டு ஓடினேன். அந்தப் பதற்றம் நடிப்பில்லை.

உங்கள் இளையோர் பிரிவில் மெரியானா என்று ஒரு அம்மா இருக்கிறாரே, அவர் பார்வையே எனக்கு முதலிலிருந்து சரிப்படவில்லை. டிரைவர் சீட் எவ்வளவு பின்னால் தள்ளியிருந்தது என்று இரண்டு தடவை கேட்டார்.

"இவன் காலு பிரேக்குக்கு எட்டுமா?"

"வயசுப் பசங்கம்மா. சாஞ்சு ஓட்டுனாத்தானே அவங்களுக்கு ஸ்டைலு," என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத ஆட்களிடம் எனக்கு எப்போதும் ஒரு ஜாக்கிரதை உண்டு.

செவ்வாய்க்கிழமை குடும்பக் கூட்டம் வைத்தார்கள். பிஸ்கட் வந்தது. அந்த அம்மா குனிந்து, "அலேகி, நீதான் ஓட்டுனியா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுப்பா," என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், கேள்வி கேட்டாலும் மாமன் தலையசைக்காமல் பேச மாட்டார்கள். வளர்ப்பு அப்படி. சுற்றி இருந்தவர்கள் அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். பையனுக்காக வந்திருந்த வக்கீல் பெண், "அப்போ மறுக்கலன்னு எழுதிக்கலாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் பெருமூச்சு விட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மனாசே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதோடு பிஸ்கட் நின்றது. பையனைப் பூட்டு போட்ட விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். வழக்கு பெரிய நீதிமன்றத்துக்குப் போகும் என்றார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது ஒரு உயிர் போயிருக்கிறது, பெரியவனுக்கு அது இன்னும் மோசம். அவனுக்கு அப்போதும் பதினைந்து வயதுதானே?

தினமும் அவனைப் பார்க்கப் போனேன். சேப்பங்கிழங்கும் கோழியும் கொண்டுபோனேன். இப்படி ஒரு மாமா கிடைக்க வேண்டுமே என்று விடுதிக்காரர்கள் சொன்னார்கள். அவன் சாப்பிடும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். யாரிடம் பேசினாய், என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று விசாரிப்பேன். ஒருநாள் கோழிக்காலை அப்படியே வைத்துவிட்டான்.

"மாமா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடட்டுமா? எனக்கு இங்க பயமா இருக்கு."

சாப்பிடு என்று கோழிக்காலை அவன் கையில் திரும்பக் கொடுத்தேன். வெளியே வந்ததும் மெரியானாவுக்குப் போன் போட்டேன். "வெக்கத்த விட்டுச் சொல்றேம்மா. முன்னாடியும் ரெண்டு தடவ கார் சாவிய எடுத்திருக்கான். கேட்டா அடுத்தவன் மேல பழியப் போடுவான். வாயத் தொறந்தா பொய்யி," என்றேன். அதில் ஒன்றும் நடந்ததில்லை. பையன் நாளைக்கு எதையாவது உளறினால் வீணாக நாலு பேர் குழம்பக் கூடாது, அதற்கான ஏற்பாடு.

அதற்குள் அக்கா விமானம் ஏறி வந்துவிட்டாள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு உயிரை எடுத்துவிட்டால், எடுத்தவன் தரப்புப் பெரியவர், குடும்பத்தின் சிறந்த பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, இழந்தவர் வாசலில் மண்டியிட வேண்டும். அவர்கள் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் எத்தனை நேரமானாலும் அப்படியே கிடக்க வேண்டும். பட்டக்காரன் என்பதால் நான் போனேன். பெற்றவள் என்பதால் அவளும் பக்கத்தில் மண்டியிட்டாள். விடிகாலை, தூறல். பாய்க்குள் இருட்டு. அவள் அழுகை என் காதிலேயே கேட்டது.

அக்கா ஊரில் சுளுக்கு எடுப்பவள். ஆறுதலுக்கு என் வலது தோளில் கை வைத்தவள் நிறுத்திக்கொண்டாள். விரல் தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே மெல்ல இறங்கியது.

"என்னடா இது, கோடு போட்டாப்ல தடிச்சுப்போயிருக்கு?"

"பஸ் வேலக்கா."

கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "பெனி, எம்புள்ளதான் ஓட்டுனானா?" என்றாள்.

"ஆமாக்கா."

"தலைக்கு மேல நம்ம குடும்பப் பாய் இருக்கு. இன்னொரு தடவ சொல்லு."

"அவன்தான்க்கா."

இரண்டு மணி நேரம் கழித்து மனாசேயின் மனைவி தாலிதா அம்மா வந்து பாயைத் தூக்கினார். என்னை எழுப்பிக் கட்டிக்கொண்டார். "சின்னப் பய பண்ணுனதுக்கு நீங்க ஏன்யா மழையில கெடக்கீங்க? போதும், உள்ள வாங்க, சூடா ஏதாவது குடிங்க," என்றார். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். பத்து நாளாக இருந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது. வெண்ணெய் தடவி ரொட்டி கொடுத்தார்கள், மூன்று சாப்பிட்டேன். அக்கா தொடவே இல்லை.

அங்கிருந்து அவள் நேரே விடுதிக்குப் போய் அலேகியின் சட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள். சீட் பெல்ட் தடம் அவனுக்கு இடது தோளில். டிரைவருக்கு வலது தோளில்தானே விழும்? பஸ் ஓட்டும் எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். பிறகு உங்களிடம் வந்துவிட்டாள். இப்போது வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாள். உள்ளே வரும்போது பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடப்பிறந்தவனை இப்படிச் சந்தேகப்பட்டிருக்க வேண்டாம்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டியது நான். குடித்திருந்ததும் நான். பையனை இடம் மாற்றி உட்காரவைத்ததும், அவனைப் பொய்யன் என்று சொன்னதும் நான். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். தாலிதா அம்மா பாயைத் தூக்கியபோது உள்ளே மண்டியிட்டிருந்தது யார்? ஓட்டியவன்தான். அவர் சரியான ஆளைத்தான் மன்னித்திருக்கிறார். என் விஷயம் முறைப்படி அன்றே முடிந்துவிட்டது. இனி அலேகி விஷயம்தான் பாக்கி. இத்தனை நாள் உண்மையை மறைத்துப் போலீஸை அலையவிட்டிருக்கிறானே, அதற்கு இங்கே என்ன தண்டனையோ எனக்குத் தெரியாது. சின்னப் பையன், ஐயா. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.