மாதாவின் கழுத்தில் கிடந்த பிராந்தித் தகடு

இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, "பொன்னுலிங்கம், உமக்குப் பத்தே நிமிடம்" என்று அன்பாகவும் கண்டிப்பாகவும் சொல்லியிருக்கிற தலைமையாசிரியை டெல்சி அம்மையார் அவர்களே! அருகில் புன்னகையோடு வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! கடலோடு மல்லுக்கட்டிக் கரையேறி, வலையை உலரப் போட்டுவிட்டு முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் பெரியவர்களே! மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து மணலில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! அதோ, நான் கொண்டுவந்து வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியை மொய்த்துக்கொண்டு இன்னும் என் பக்கம் திரும்பாத இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் தோவாளைப் பூக்கடைக்காரன் பொன்னுலிங்கத்தின் பணிவான, பாசமான வணக்கம்.

பூக்காரனை அழைத்தால் பிச்சியும் அரளியும் மணக்க மணக்கப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்ததோ குப்பியைப் பற்றி. ஆமாம் தாயே, மதுக்குப்பியைப் பற்றித்தான்! அதற்குள் முகம் சுளிக்காதீர்கள். அடியேன் அய்யாவழிக் குடும்பத்தில் பிறந்தவன். நெற்றியில் நாமம் உண்டு. நாவில் இன்றுவரை ஒரு சொட்டு மது பட்டதில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாக மதுக்குப்பிகளின் கழுத்தில் தொங்கிய வெள்ளித் தகடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வருகிறேன்.

அது என்ன தகடு? அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் பீப்பாயில் வந்த மதுவைக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி மேசைமேல் வைப்பார்கள். குடுவைகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். எதில் ரம், எதில் ஜின் என்று எப்படித் தெரியும்? அதற்காக வெள்ளியில் சின்னதாய் ஒரு தகடு செய்து, மதுவின் பெயரைப் பொறித்து, சங்கிலி கோத்துக் குடுவையின் கழுத்தில் மாட்டினார்கள். இலை வடிவம், சிப்பி வடிவம், பிறை வடிவம் என்று எத்தனை வகை! எத்தனை அழகு! பிற்பாடு கடைக்காரனே குப்பியில் காகிதச் சீட்டு ஒட்டி விற்கத் தொடங்கினான். வெள்ளித் தகட்டுக்கு வேலை போயிற்று. வேலை போன அந்தத் தகடுகளுக்கு வீடு கொடுத்தவன் நான்.

இதில் என் மனைவி அன்னக்கிளிக்கு இருக்கிற மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. "குடிக்கவன் கூட குப்பிய வலிச்செறிஞ்சிட்டுப் போறான். குடிக்காத ஒங்களுக்கு அதுக்க கழுத்துச் சங்கிலி எதுக்கு?" என்பாள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். வீட்டில் நான் தினமும் கேட்பதை இன்று நீங்களும் கேட்டுவிட்டீர்கள்.

என்னிடமிருந்த தகடுகளிலேயே எனக்குப் பிரியமானவை இரண்டு பிறைகள். கீரிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்து பங்களாவிலிருந்து வந்தவை. ஓரமெல்லாம் திராட்சைக் கொடி; நடுவில் ஒன்றில் ரம், மற்றதில் ஜின். இரண்டையும் விற்றவர் சொன்னார், மூன்றாவதாக ஒன்று இருந்தது, அது எங்கே போனதென்று தெரியாது என்று. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. தோட்டம் தோட்டமாக அலைந்தேன். தட்டான் கடை தட்டான் கடையாக விசாரித்தேன். பெட்டியில் இரண்டு பிறைக்கும் நடுவே அதற்கென்று ஒரு பள்ளத்தைக் காலியாக வைத்துப் பதினோரு வருடம் தேடினேன்.

அது எங்கே இருந்தது தெரியுமா? இதே ஊரில் இருந்தது! இந்த மேடையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், விக்டோரியாவின் வீட்டுப் பீடத்தில், மாதா சுரூபத்தின் கழுத்தில் இருந்தது!

எப்படி வந்தது என்று சொல்கிறேன். விக்டோரியாவின் தகப்பனார் அந்த பங்களாவுக்கு மீன் கொண்டு கொடுத்தவர். துரை ஊருக்குப் புறப்பட்டபோது அவர் கையில் வைத்துவிட்டுப் போன அன்பளிப்பு அந்தப் பிறை. மாதா பிறையின்மேல் நிற்பவள் அல்லவா? வெள்ளியில் ஒரு பிறை கிடைத்தால் இந்தக் கடற்கரையில் அதை வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? மகள் விக்டோரியா அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

அதை எடுத்து மாட்டும் நாளும் வந்தது. விக்டோரியாவின் கணவர் ததேயுஸ். கடலில் அவரை விஞ்ச ஆளில்லை. கரையில் குடியை விஞ்ச அவரால் முடியவில்லை. மகள் பிரீனா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளை உடுப்பை ஒருநாள் கொண்டுபோய் விற்றுக் குடித்துவிட்டார். பிள்ளை பழைய பாவாடையோடு கோவிலுக்குப் போனாள். இதையெல்லாம் மேடையில் சொல்ல உனக்கென்ன உரிமை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். உரிமை தந்தவர் ததேயுஸ். "சொல்லுங்க அண்ணாச்சி, நாலு பேரு கேக்கட்டு" என்றார்.

அன்று கோவிலிலிருந்து திரும்பிய விக்டோரியா, அந்தப் பிறையை மாதாவின் கழுத்தில் மாட்டி நேர்ந்துகொண்டாள். "அம்மா, இவரு குடிய நிப்பாட்டணும். எனக்க கையில இத விட்டா வேற வெள்ளி இல்ல." தகட்டில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து இருந்தது. துரையின் பெயராக இருக்கும், மாதாவின் நெஞ்சில் துரையின் பெயர் எதற்கு என்று எழுத்தை உள்பக்கமாகத் திருப்பி மாட்டினாள். ததேயுஸ் குடியை நிறுத்தினார். ஒரு நாளா, ஒரு மாதமா? பத்து வருடம்!

இப்போது என் கதைக்கு வருகிறேன். பொறுங்கள், தலைவர் அம்மையாரிடமிருந்து சீட்டு வந்திருக்கிறது. 'நேரம்' என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா, என் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். அதற்காவது ஐந்து நிமிடம் கூடத் தாருங்கள்!

போன வருடம் திருவிழாவுக்கு மாலை கொண்டுவந்தேன். விக்டோரியா தன் வீட்டுப் பீடத்துக்கும் ஒரு பிச்சி மாலை கேட்டிருந்தாள். மாலையைப் போடக் கை நீட்டினேன். திராட்சைக் கொடி! மாதாவின் கழுத்தில் கிடந்த பிறையின் ஓரமெல்லாம் அதே கொடி! சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன், தகட்டைத் திருப்பினேன், வாசித்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நிற்கிற இடத்தில் வாய்விட்டுக் கத்தினேன். "ஏ விக்டோரியா! இது நிலாவும் இல்ல, ஒண்ணும் இல்ல! பிராந்திக் குப்பிக்க தகடாக்கும்!"

உண்மையைத்தானே சொன்னேன்? ஓர் எழுத்தாவது பொய்யா? இல்லை. ஆனால் எதற்காகச் சொன்னேன்? அவள் தெளிவு பெறவா? அவள் வாழ்வு வளம் பெறவா? என் பெட்டியில் ஒரு பள்ளம் நிரம்ப வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். உண்மையைச் சொல்லவும் ஒரு யோக்கியதை வேண்டும் ஐயா. அன்று எனக்கு அது இல்லை.

விக்டோரியா தகட்டைக் கழற்றினாள். என் உள்ளங்கையில் வைத்தாள். "அம்மைக்க கழுத்துல பிராந்தியத் தொங்கப் போட்டேனே, பாவி நான்" என்றாள். நான் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மகிழ்ச்சிதான்.

மூன்றாம் நாள் காலை. தோவாளைச் சந்தையில் பூ ஏலம் நடக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ததேயுஸ் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அந்தத் தகடு எனக்கு வேணும்."

"அது பிராந்தித் தகடு, ததேயுஸ்."

"தெரியும்."

"விக்டோரியா சொன்னாளா?"

"அவ சொல்லாண்டாம். நான் பஹ்ரைன்ல ஓட்டல்ல நாலு வருசம் கிளாஸ் கழுவுனவன். பிராந்தின்னு வாசிக்க எனக்குத் தெரியாதா?"

அப்புறம் அவர் சொன்னதைக் கேளுங்கள். நேர்ச்சை போட்ட மறுநாளே அவர் அந்தத் தகட்டை எடுக்கப் போயிருக்கிறார். எதற்கு? விற்றுக் குடிப்பதற்கு!

"களவாங்கத்தான் போனேன் அண்ணாச்சி. கையில எடுத்துத் திருப்புனேன். பிராந்தின்னு எழுதியிருக்கு. எனக்க கை அப்படியே நின்னு போச்சு. எனக்க பிராந்திய மாதா கழுத்துல போட்டுக்கிட்டு நிக்காளே, பிள்ளைக்க உடுப்ப வித்துக் குடிச்சவனுக்க நாத்தத்த இவ சுமக்காளேன்னு தோணிச்சு. சரி, இனி நீயே வச்சுக்க அம்மா, எனக்கு வேண்டாம்னு திரும்ப மாட்டிட்டேன். பத்து வருசமா காலம்பற எந்திச்சா அது அங்க கெடக்கான்னு பாத்துட்டுத்தான் கடலுக்குப் போவேன். இப்பம் அது அங்க இல்ல. ரெண்டு நாளா பிராந்திக் கடையில வரிசையில போய் நின்னேன். ரெண்டு நாளும் முறை வாறதுக்கு முன்ன திரும்பிட்டேன். இன்னிக்குத் திரும்புவேனான்னு எனக்குத் தெரியல்ல."

தாய்மார்களே, பெரியவர்களே! விக்டோரியா அதை நிலா என்று நம்பினாள். ததேயுஸ் அதை பிராந்தி என்று அறிந்தார். இருவருமே அதைச் சரியான இடத்தில் வைத்திருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்த எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை!

ஏலத்தை அப்படியே போட்டுவிட்டு, தகட்டை எடுத்துக்கொண்டு அவரோடு இந்த ஊருக்கு வந்தேன். விக்டோரியா வாசலில் மறித்தாள். "அத உள்ள கொண்டு வராண்டாம்" என்றாள். அப்போதுதான் ததேயுஸ் முதல்முறையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் முதுகில் ஓங்கி இரண்டு அறை வைத்தாள். "பத்து வருசமா தெரிஞ்சுக்கிட்டா இருந்தீரு? எங்கிட்ட ஒரு வாக்கு சொன்னீரா மனுசா?" என்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு தகட்டை வாங்கி அவளே மாட்டினாள், இம்முறை எழுத்து வெளியே தெரியும்படி. "இனி என்ன மறைக்க, வாற ஆளெல்லாம் வாசிக்கட்டு" என்றாள்.

மனம் நெகிழ்ந்துபோய் நான், "ரம்மையும் ஜின்னையும்கூடக் கொண்டு வாறேன், மூணும் மாதாவுக்கே இருக்கட்டும்" என்றேன். விக்டோரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வேண்டாம் அண்ணாச்சி, இவரு பிராந்தி மட்டும்தான் குடிச்சாரு!"

கைதட்டல் எனக்கு வேண்டாம், அவளுக்குத் தட்டுங்கள். பீடத்தைக் கலைத்தவனை அவள் படியிறக்கி விட்டிருக்கலாம். கட்டஞ்சாயா போட்டுத் தந்தாள். 'கண்ணாடிப் பெட்டியில் இரண்டு பிறைக்கு நடுவே ஏன் ஒரு பள்ளம் காலியாக இருக்கிறது?' என்று கேட்ட தம்பிக்கும் இதுவே விடை. முப்பது வருடத்தில் நான் சேர்த்தவை நாற்பத்தாறு. அவற்றால் எனக்குப் பெயர் கிடைத்தது, இந்த மேடை கிடைத்தது. திருப்பிக் கொடுத்த ஒன்றினால் எனக்கு இரண்டு மனிதர்கள் கிடைத்தார்கள். இதற்கு எந்த மொழியில் நன்றி சொல்வேன்? எத்தனை முறை சொன்னால் தீரும்?

வாய்ப்பளித்த வாசகசாலைக்கு நன்றி. நேரத்தை விட்டுக்கொடுத்த தலைவருக்கு நன்றி. மரியே வாழ்க என்று நீங்கள் வாழ்த்தும் மண்ணில் நின்று, அய்யா உண்டு என்று என் வழக்கப்படி வணங்கி விடைபெறுகிறேன்.

ததேயுஸ், வாசலில் நிற்பது தெரிகிறது. மேடைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறீர். வர வேண்டாம். அங்கேயே நில்லும். நான் இறங்கி வருகிறேன்.