ஊருணியில் நின்ற பொக்லைன்

பெரியவர்களே, தோழிகளே, இந்த இடத்தில் ஒரு குட்டிக் கதைக்கு இடம் கொடுங்கள்... சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கீழமருதங்குளம். மாசி மாதம் எங்கள் பள்ளித் தொன்மை மன்றம் ஒரு கண்காட்சி வைத்தது. இறந்தவர்களை அந்தக் காலத்தில் தாழிக்குள் வைத்துப் புதைத்தார்கள் என்று நான் படம் காட்டிக்கொண்டிருந்தேன். பொக்லைன் ஓட்டும் சவரிமுத்து அண்ணன் கேட்டார்:

"ஏம்மா, உள்ள தங்கம் இருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள்... நானும்தான். பிறகு மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன்: "எது இருந்தாலும் உடைக்கக் கூடாதுண்ணே. அசைக்காம விட்டுட்டு, தெரிஞ்சவங்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்லணும்."

வைகாசியில் ஊருணியைத் தூர் வாரினார்கள். பொக்லைன் பல்லில் ஏதோ உரசியது. அண்ணன் இறங்கிப் பார்த்தார். செம்மண்ணுக்குள்... மூடி போட்ட ஒரு பெரிய தாழி.

ஒப்பந்தக்காரர் பால்ச்சாமி ஓடி வந்தார். "என்னப்பா நின்னுட்ட? பழம்பானைதான, ஒரு தட்டுத் தட்டிட்டு மேல போ. மழைக்குள்ள முடிக்கணும்."

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? வண்டியை அணைத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

அதற்குள் புதையல் என்று பேச்சுப் பரவி, கடப்பாரையோடு நாலு பேர் வந்துவிட்டார்கள். அண்ணன் தாழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"மொதல்ல என்னைய ஒடைங்க. அப்புறம் பானைய ஒடைக்கலாம்."

"பொக்லைன் ஓட்டுறவன் எப்பய்யா ஆராய்ச்சிக்காரன் ஆன?" என்றார் அந்த நாலு பேரில் ஒருவர்.

"போன மாசியிலதான்... பள்ளிக்கூடத்துல."

வெயில் ஏறியது. அவர் எழுந்திருக்கவில்லை. அவர் பள்ளிக்கு ஆள் அனுப்பிச் சொன்னதும் எங்கள் ஆசிரியை போன் செய்து, தொல்லியல் அலுவலர் வந்து சேர மாலை ஆகிவிட்டது. இரண்டு நாள் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். உள்ளே எலும்புகள், ஒரு சின்னக் கிண்ணம், அதன் அடியில் கொஞ்சம் நெல் உமி.

"அம்புட்டுதானா?" என்றது கூட்டம்.

அலுவலர் அம்மா சொன்னார்: "மூடி உடைஞ்சிருந்தா இந்த உமி மண்ணோட போயிருக்கும். உங்க ஊர்க்காரங்களுக்கு அப்பவே நெல்லு தெரிஞ்சிருக்கு."

அவர் பதிவேட்டை விரித்தார். "முதல்ல பாத்தவர் பேரு?" அண்ணன் திரும்பிப் பின்னால் பார்த்தார்... வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"என் பேரையும் சேத்துக்குங்க மேடம்" என்றார் பால்ச்சாமி.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கூட... நின்னேன்."

பதிவேட்டில் ஒரே பெயர்தான் ஏறியது. கண்டவர்: சவரிமுத்து, ஓட்டுநர், கீழமருதங்குளம். அதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? மண்ணுக்குள் இருப்பதை ஆராய்கிறவர்கள் அறிஞர்கள். ஆனால் முதலில் பார்ப்பது யார்? கிணறு வெட்டுகிறவர், அஸ்திவாரம் தோண்டுகிறவர், வண்டி ஓட்டுகிறவர். அவர்களுக்குச் சொல்லாமல் நாம் புத்தகத்தில் மட்டும் எழுதி வைத்தால் போதுமா? போதாது... ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும், பழையது எது கிடைத்தாலும் உடைக்கக் கூடாது என்று ஒருவரிடமாவது சொல்லுங்கள். யாரிடம் சொல்வது என்று தேட வேண்டாம். நாளை பள்ளத்தில் முதலில் இறங்கப் போகிறவர், நீங்கள் சொல்லும் அந்த ஒருவராகவே இருக்கலாம்.