கல்லறைக் கத்தாழை

ஆனேக்கல் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு அண்ணியும் அவள் நாத்தனாரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"உங்க அண்ணன் கல்லறைமேல வெச்ச ஆனைக்கத்தாழைக்குள்ள யாரோ மெல்லுற சத்தம் கேட்டுச்சு, ஸ்டெல்லா."

"வண்டுப் புழு குருத்தைத் தின்னுருக்கும், அண்ணி. பிடுங்கி எரிச்சாதான் பக்கத்துச் செடிங்க பிழைக்கும்."

"பிடுங்கினேன். வேரே இல்லாம கையோட வந்துடுச்சு. எரிச்சுட்டேன். அதுக்கப்புறமும் மண்ணுக்குள்ள இருந்து அதே சத்தம் வந்துச்சு."

"மண்ணுலயும் புழு இருக்கும். மருந்து ஊத்தணும்."

"ஊத்தினேன். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. அவரு மறுபடியும் செத்துப்போன மாதிரி இருந்துச்சு."

ஹெப்பகோடி ஸ்டாப் வந்தது. இறங்க எழுந்த ஸ்டெல்லா கேட்டாள்.

"ஊத்துறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா, அண்ணி? நானும் ஒரு தடவை காது வெச்சுக் கேட்டிருப்பேனே."