இடிந்த மாதிரி கட்டிய மண்டபம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் ஜமீன் பங்களாவின் தோட்டக்காரர். மற்றவர் அவர் மனைவியின் தம்பி, கொத்தனார். மடியில் கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு.

"இடிஞ்சத ஏன் மச்சான் கட்டின?" என்றார் தோட்டக்காரர்.

"தோட்டத்து மண்டபத்த சரி பண்ணுன்னு நீங்கதான மாமா சொன்னீங்க? மேல ஒரு மூலை இல்ல. எடுத்துக் கட்டி வெள்ளையும் அடிச்சிட்டேன்."

"தரையத்தான்டா சரி பண்ணச் சொன்னேன். அந்த மூலை இடியல. பழைய ஜமீன்தார் சீமைக்குப் போய், அங்க தொரைங்க தோட்டத்துல பாத்துட்டு வந்து, இடிஞ்ச மாதிரியே ஆசையா கட்டினதாம்."

"கட்டும்போதேவா? அதுக்கு ஒரு கொத்தனார் ஒத்துகிட்டானா?"

"சிரிக்காத. ஞாயித்துக்கிழம அவரு பேரன் அதப் பாக்கத்தான் வர்றாரு. வேலையும் போய்டும், நானும் உங்க அக்காவும் குடியிருக்கிற குதிரை லாயமும் போய்டும்."

கொத்தனார் சிரிப்பை நிறுத்தினார்.

"நாளைக்கே இடிச்சிடறேன் மாமா. ஆனா முன்ன இருந்த மாதிரியே இடிக்கணுமே. போட்டோ இருக்குதா?"

"ஒண்ணே ஒண்ணு. எங்க கல்யாணத்தன்னிக்கு மண்டபத்து மேல ஏறி நின்னு எடுத்தது."

"அப்புறம் என்ன?"

தோட்டக்காரர் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார்.

"இடிஞ்ச மூலைய மறைச்சிகிட்டு, கூலிங் கிளாஸ் போட்டு நிக்கிறது யாரு, பாரு."

கொத்தனார் வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப எனக்கு முடி வேற ஜாஸ்தி மாமா," என்றார்.