கெளிற்றுக்கு வைத்த ஈரல்

"...கோழி ஈரலை வெயிலிலை விட்டு நல்லா நாறப்பண்ண வேணும் அண்ணை. கெளிறு மீன் கண்ணாலை தேடாது, மணம் பிடிச்சுத்தான் வரும். ஈரல் தூண்டிலிலை இருந்து வழுக்காமல் நூலாலை சுத்திக் கட்டி, ஆத்தின்ரை அடியிலை கிடக்க விடவேணும்."

பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்தவர் சொல்கிறார். மடியில் ஒட்டுநாடா சுற்றிய பிஸ்கற் ரின், அதற்குள் ஈரல். பக்கத்தில் தூண்டில் தடியோடு அவர் அண்ணை என்று கூப்பிட்டவர். ஒரே அப்பார்ட்மென்ற்றில் இருப்பவர்கள் என்று பேச்சில் விளங்கியது.

"உந்த ஈரலை எங்கையடா வெயிலிலை வைச்சனி?"

"எங்கடை பல்கனியிலைதான். சிவம் தன்ரை வேலைச் சப்பாத்துக் காயவைச்ச மூலையிலை."



"எப்ப தொடக்கம்?"

"ஸ்னோ கரைஞ்சதிலை இருந்து."

"அப்ப வீட்டுக்குள்ளை அடிச்ச மணம் சிவத்தின்ரை சப்பாத்து மணமில்லை."

ரின்காரர் ரின்னின் மூடியை அழுத்த, அண்ணை தொடர்ந்தார்.

"ரெஸ்ரோறன்ற்றிலை கோப்பை கழுவிற இடத்து ஊத்தை சப்பாத்திலை எண்டு, பாவம், அவன் சோப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினவன். அப்பிடியும் போன கிழமை ஆளை வீட்டை விட்டுக் கலைச்சனாங்கள். நீதானே முதல் வாய் திறந்தனி, உவனோடை இருக்கேலாதெண்டு."

"எனக்கு ஈரல் மணம் பழகிப்போச்சு அண்ணை. சத்தியமா சப்பாத்தெண்டுதான் நினைச்சன்."

"இப்ப வெக்ஸ்போர்ட்டிலை ஆரின்ரையோ பேஸ்மென்ற்றிலை, வெறும் நிலத்திலை படுக்கிறானாம்."

ஆற்றுக்கு இன்னும் தூரம் இருந்தது. ரின்காரர் எழும்பி மணிக்கயிற்றை இழுத்தார். இறங்கியதும் பஸ் தரிப்பிலிருந்த குப்பைத் தொட்டிக்குள் ரின்னைப் போட்டுவிட்டு, வெக்ஸ்போர்ட் பக்கம் திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக றோட்டைக் கடந்தார்.