பொன் விரல்களுக்கு நான் சொன்ன பொருள்

அன்று அந்த மாடி அறையில் ஐந்து பேர் இருந்தோம். என் அண்ணன் மகன் ரோஜே, அவன் தாயார் லான், எதிர்வீட்டு ஜவுளிக்கடை ஜலீல், வார்டு அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, நான். ரோஜேயின் ஓவியங்களைத் தொகுத்து நூலாகப் போடுவதாகச் சொல்லி வந்திருக்கிறீர்கள். அப்படியானால் இது சரியாக இருக்க வேண்டும். வேறு யாராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

லான் எல்லோருக்கும் மல்லிகைத் தேநீர் ஊற்றினாள். நல்ல தேநீர். ஆட்சி மாறி ஒரு வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில் அது கிடைப்பதே அரிது.

என் அண்ணன் அண்ணாமலை சைகோனுக்கு வட்டிக்கடை பார்க்க வந்தவர். ஊரில் வெள்ளையம்மை அண்ணி இருந்தார். இங்கே லான் இருந்தாள். கடைக்கு வந்த பலருக்கும் இப்படி ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுக்கு அரிசி போகும், பெயர் போகாது. இதை நாங்கள் பேசுவதில்லை. பேசாதவரை யாருக்கும் கெடுதல் இல்லை.

ரோஜேயை ஓவியப் பள்ளியில் சேர்த்தது அண்ணன்தான்; அவரை எங்கள் வழக்கப்படி அப்பச்சி என்றே அழைப்பான். பிறகு பாரீஸில் இரண்டு வருஷம். திரும்பி வந்தவன், கனவில் கண்டதை வரைகிறேன் என்றான். ஆற்றின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாடுகள். சைக்கிள் ரிக்‌ஷாவுக்குள் முளைத்த மாமரம், அதில் காய்த்துத் தொங்கும் செருப்புகள். கை தேர்ந்தது என்பதை மறுக்கமாட்டேன். அவன் வரைந்த மாட்டின் மூக்கு ஈரமாகவே இருக்கும். வெளிநாட்டவர்கள் வாங்கினார்கள். இன்று மிஞ்சியிருப்பவை அவர்கள் கொண்டுபோனவை மட்டும்தான்.

படம் வரையக் கித்தான் கொடுத்துவந்தவர் ஜலீல். காரைக்கால்காரர், வாய் சும்மா இருக்காது.

"மாட்டுக்கு நாற்காலி போட்டே, சரி. ஒரு வேட்டியும் கட்டி விட்டுடு தம்பி, உன் சித்தப்பா அப்படியே வந்துடுவாரு" என்று என் முன்னாலேயே சொல்வார். ரோஜே சிரிப்பான்.

அண்ணன் இறந்த மறுவருஷம் தன் தாயின் படம் ஒன்றைக் கண்காட்சியில் வைத்தான். இடுப்பளவுத் தண்ணீரில் லான் நிற்கிறாள். கழுத்தில் பொன். வந்தவர்கள் பொன் விரல்கள் என்றார்கள். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை பொன் நகங்கள் என்று எழுதியது. அது என்னவென்று அந்தக் கூடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கழுத்திரு. விரல்போல் நீண்ட உருக்கள் கோத்த தாலி, எங்கள் செட்டியார் வீட்டுப் பெண்கள் கல்யாணத்தன்று அணிவது. அடுத்து, கணவரின் அறுபதாம் கல்யாணத்தன்று. மற்ற நாளெல்லாம் பெட்டியில் இருக்கும். அண்ணன் அறுபதைப் பார்க்கவில்லை. அதனால் வெள்ளையம்மை அண்ணி ஆயுளில் ஒருமுறைதான் அதை அணிந்தார். கல்யாணப் போட்டோவைப் பார்த்து, ஓர் உரு பிசகாமல் ரோஜே அதை இந்த லானுக்குப் போட்டிருந்தான்.

அழித்துவிடு என்றேன்.

"அப்பச்சி எங்க ஆத்தாளுக்குக் கட்டல. நான் சாயத்துல கட்டினேன். உங்க பெட்டியில ஒரு குன்றிமணி குறைஞ்சுபோச்சா சித்தப்பா?"

குறையவில்லை. அதை அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

வார்டு அதிகாரி பொறுமையான மனிதர். முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். பழைய ஆட்சியின் சீரழிந்த கலை என்று எதையெல்லாம் அகற்றுவது எனப் பார்த்துப் போக வந்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் பொருள் கேட்டார். பொருள் இல்லை, கனவு என்றே ரோஜே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அவருக்குச் சலித்துவிட்டது. இவற்றைக் கட்டி மூலையில் போடு, உன் கை நன்றாக இருக்கிறது, விழாவுக்குப் பதாகை எழுத ஆள் தேவை, திங்கட்கிழமை வந்துவிடு என்றார். லான் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

எழுந்தவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். இந்தத் தாய் அழகாக இருக்கிறாள், இதை மட்டும் அலுவலகத்தில் மாட்டலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கழுத்தில் இருப்பது என்ன பெரியவரே என்று கேட்டார்.

நகை என்று சொல்லியிருக்கலாம். யாருடைய நகை என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். வெள்ளையம்மை அண்ணியின் கழுத்திருவை, வருகிறவர் போகிறவர் பார்க்க, ஓர் அலுவலகச் சுவரில் விட்டுவைக்க முடியாது. குடும்பத்தில் மிச்சமிருந்த மூத்தவன் நான்.

"இந்தப் பெண் தெற்கு. அவள் கழுத்தை நெரிப்பவை வடக்கிலிருந்து வந்த விரல்கள்" என்றேன்.

மாடுகளைக் காட்டிக் கேட்டார். ஆற்றில் மூழ்கிய உங்கள் வீரர்கள் என்றேன். மாமரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதையும் சொன்னேன்.

ரோஜே என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை.

"நீங்க வரைய வந்திருக்கலாம் சித்தப்பா" என்றான் தமிழில். "எனக்கு இவ்வளவு தோணினதில்ல."

படங்களை முற்றத்தில் எரித்தார்கள். அந்தப் படம் முழுதாக எரிந்து தீரும்வரை நின்றிருந்தேன். அவனைச் சீர்திருத்த முகாமுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் அங்கேயே இறந்தான். வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தது. லான், சீனர்கள் வாழும் சோலோன் பகுதியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் வாசலில் நின்றாள். கணவனின் தம்பியை அவர்கள் மொழியில் 'சூ' என்பார்கள். கடைசிவரை என்னை அப்படித்தான் அழைத்தாள்.

"சூ, அவன் உங்களுக்கு யார்?" என்று கேட்டாள்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எங்களிடம் முறைப்பெயர் கிடையாது.

இன்னொன்றும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஜலீல் ஆரம்பித்தது, கோயிலிலும் பள்ளிவாசலிலும் இன்றுவரை அதைத்தான் சொல்கிறார்கள். செட்டியார், பையனைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தார், கடைப் பேரத்துக்கு மேல் வியட்நாம் மொழி தெரியாததால் பேச்சு எங்கேயோ போய்விட்டது என்று. ஜலீலுக்கு அந்த மொழி அவ்வளவுதான் தெரியும், எனக்கும் அப்படியே என்று எண்ணிவிட்டார். நல்ல மனிதர். ஆனால் அவர் சொல்வது தவறு. இந்த ஊர் நீதிமன்றங்களில் எங்கள் கடை வழக்குகளுக்கு அந்த மொழியில் நின்று பேசியவன் நான். அன்று என் வாயிலிருந்து ஒரு சொல்கூடத் தவறி விழவில்லை.