வைத்தியரைக் கடித்த பாம்பு

— காலை அசைக்காதே ஏட்டா. கட்டை வச்சுக் கட்டியிருக்கேன்.

— அசைக்கலை மினி. அந்தத் திரையைத்தான் கொஞ்சம் விலக்கச் சொல்றேன். சின்னம்மு எப்படி இருக்கான்னு பார்க்கணும்.

— பக்கத்துக் கட்டில்லதான் இருக்கா. மருந்து ஏறிட்டிருக்கு. அவளை நான் பார்த்துக்கிறேன். நீ முதல்ல உன் கதையைச் சொல்லு. என்ன பாம்பு?

— கண்ணாடி விரியன்.

— பார்த்தியா?

— நிறையப் பார்த்திருக்கேன்.

— இன்னிக்குக் கடிச்சதைப் பார்த்தியான்னு கேட்கிறேன்.

— கேட்டியா மினி, கிணத்தடியில புல்லு முழங்கால் உயரத்துக்கு நிக்குது. மழை வேற விட்டபாடில்லை. அதுல எதைன்னு பார்க்கிறது?

— கடிபட்டு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நீ கேட்கிற முதல் கேள்வி அதான். ‘பார்த்தியா, எப்படி இருந்தது, எந்தப் பக்கம் போச்சு.’ உனக்குன்னு வந்ததும் புல்லு, மழை.

— வலியில கிடக்கிறவனைப் போலீஸ் மாதிரி குடையாதே. நீ என் தங்கச்சிதானே?

— இந்தக் கட்டிடத்துக்குள்ள நான் டாக்டர் சௌதாமினி. வெளியில போய்ப் பார், போர்ட்டிகோ முழுக்கக் குடை. விஷவைத்தியர் சுகதனைப் பாம்பு கடிச்சிடுச்சு, அவரே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டார்னு ஊர் பாதி நிக்குது. சாயாக்கடை உஸ்மான் கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கான். அப்பா பேருக்கு ஒரு மரியாதை இருக்கட்டுமேன்னு உன்னைப் பின்பக்கமாக் கொண்டுவர ஆள் அனுப்பினேன். நீ கேட்டியா?

— அதைத்தான் வேண்டாம்னேன். முன்வாசல் வழியா, எல்லாரும் பார்க்க, தள்ளுவண்டியில படுத்துட்டு வரணும். அப்படித்தான் வந்தேன்.

— ஏன்?

— அப்பதானே நாளைக்கு இன்னொருத்தன் வருவான்.

— நல்லா இருக்கு. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாள்லேர்ந்து நான் இதே விஷயத்துக்குத்தான் உன்கூடச் சண்டை போடுறேன். கடிச்சதும் இங்கே வரணும். உன் முற்றத்துக்கு வந்து பச்சிலை பூசிட்டு, ரத்தம் கெட்டு, சிறுநீர் நின்னு போனப்புறம் என்கிட்ட வர்றாங்க. வர்றவங்கள்ல பாதிப் பேரை வெள்ளைத்துணியில சுத்தித்தான் அனுப்புறேன். ஊரு என்ன சொல்லுது? வைத்தியர் முற்றத்துல உயிரோட இருந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செத்தான்னு.

— நான் எல்லாரையும் இங்கேதான் போகச் சொல்றேன் மினி. ரொம்ப நாளாச்சு சொல்ல ஆரம்பிச்சு. அவங்க போக மாட்டேங்கிறாங்க.

— கதவைச் சாத்து. போவாங்க.

— சாத்த முடியாதே. காசு வாங்கக் கூடாது, வந்தவங்களைத் திருப்பக் கூடாது, கூப்பிடாம யார்கிட்டயும் போகக் கூடாது. அப்பாகிட்ட மருந்து கத்துக்கிறதுக்கு முன்னாடி இதுக்குத்தான் விளக்கேத்திச் சத்தியம் பண்ணினேன். நீயும் அந்த விளக்கு பக்கத்துலதான் நின்னே.

— நின்னேன். எனக்குச் சொல்லித் தரலை. பொண்ணுன்னுட்டாரு. அது இருக்கட்டும். சின்னம்மு எப்படி ஜீப்ல ஏறினா? அவ புருஷன் வாசு காய்ச்சலோட இந்த வார்டுக்கு வந்து, பாயில சுருட்டின பொணமாத்தான் போனான். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரின்னு சொன்னாலே முகத்தைத் திருப்பிக்குவா.

— காலையில வயல்ல நாத்து நட்டுட்டிருந்தப்ப வரப்புல கடி. அவ மாமனார் தாமி தோள்ல தூக்கிட்டு வந்து என் முற்றத்துல போட்டான். பாம்பை அடிச்சுச் சாக்குல கொண்டுவந்திருந்தாங்க. சந்தேகமே இல்லை, விரியன். கால் அப்பவே வீங்க ஆரம்பிச்சிடுச்சு. நான் சொன்னேன், இது என் கைக்கு அடங்காது, ஜீப் எடுங்கன்னு. தாமி கையெடுத்துக் கும்பிடுறான். இவ தூணைப் புடிச்சுக்கிட்டு, ‘செத்தா உங்க முற்றத்துல சாகுறேன் வைத்தியரே, அங்கே போக மாட்டேன்’னுட்டா. பல் ஈறுல ரத்தம் கசியுது, பேசும்போதே தெரியுது.

— அப்புறம்?

— அப்புறம் பச்சிலை பறிக்கக் கிணத்தடிக்குப் போனேன். அங்கேதான் என்னையும் கடிச்சது. நான் கத்தினேன். ‘நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், என்கிட்ட வைத்தியம் வேணும்னா கூட வாங்க’ன்னேன். வந்தாங்க.

— ஒரே காலையில, வரப்புல ஒண்ணு, கிணத்தடியில ஒண்ணு, ரெண்டு பேருக்கு ரெண்டு விரியன்.

— மழைக்காலம் மினி.

— இந்தக் கண்ணாடிக் குழாயைப் பாரு. இது சின்னம்மு ரத்தம், வந்ததும் எடுத்து வச்சது. சாய்க்கிறேன். தண்ணி மாதிரி ஓடுது. விஷம் ரத்தத்தை உறையவிடலை. இது உன்னுது. கவிழ்க்கிறேன். அசையுதா? தயிர் மாதிரி உறைஞ்சு போய் உட்கார்ந்திருக்கு.

— விஷம் ஏத்தாத கடின்னு ஒண்ணு உண்டு. நீதான் ஒருதடவை சொன்னே.

— உண்டு. அதுக்காகத்தான் ஒரு நாள் படுக்க வைக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் காயத்தைத் துடைச்சேன். ஒரு ஓட்டைக்குள்ள நுனி ஒடிஞ்சு நிக்குது. இடுக்கியால எடுத்தேன். இதோ பஞ்சுல இருக்கு. விரியனுக்குப் பச்சை நார் வச்ச பல்லு எப்போலேர்ந்து ஏட்டா?

— கிணத்தடியில எலுமிச்சை நிக்குதில்லே. அதுல நல்ல முத்தின முள்ளு.

— ரெண்டு தடவை குத்திக்கிட்டியா?

— இடைவெளி சரியா வரணுமேன்னு விரலை வச்சு அளந்து குத்தினேன். மெதுவாப் பேசு, அவ காதுல விழும்.

— சிரிக்காதே. எனக்கு உன் கன்னத்துல ஒண்ணு வைக்கணும்போல இருக்கு. கொஞ்சம் தவறியிருந்தா உன் ரத்தத்துல அந்த மருந்தையும் ஏத்தியிருப்பேன். நல்ல உடம்புக்கு அதுவே விஷம், தெரியுமா? கட்டில் ஒண்ணை அடைச்சுக்கிட்டு வேற படுத்திருக்கே.

— அவ செத்திருப்பா மினி.

— தெரியும். அதனாலதான் இன்னும் கத்தலை.

— அப்போ ஒரு உதவி பண்ணு. சும்மா ஒரு குளுக்கோஸ் பாட்டிலை எனக்கும் தொங்கவிடு. வெளியில இருந்து ஜன்னல்ல எட்டிப் பார்க்கிறாங்க. வைத்தியருக்கும் ஏறுதுன்னு பார்த்தா போதும். இந்த மழை முழுக்க நேரா உன்கிட்ட வருவாங்க.

— மாட்டேன்.

— ஊருக்கு நல்லதுதானே?

— நல்லதுக்குன்னு ஆரம்பிச்சுத்தான் எல்லாப் பொய்யும் இந்த வாசலுக்குள்ள நுழையுது. டவுன்ல ஒருத்தன் சக்கரைநோயை வேரோட எடுக்கிறேன்னு டப்பா விக்கிறான். அவனும் நல்லதுன்னுதான் சொல்றான். இங்கேயே தேவையில்லாம ஸ்கேன் எழுதற ஆளு இருக்கார், அவரைக் கேட்டாலும் நல்லதுக்குன்னுதான் சொல்வார். குழாயில ரத்தம் உறைஞ்சா உறைஞ்சதுன்னு சொல்றேன், உறையலைன்னா உறையலைன்னு சொல்றேன். என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான் ஏட்டா. அதையும் விட்டுட்டா நான் வெறும் வெள்ளைக்கோட்டு.

— நான் மட்டும் சந்தோஷமாவா பண்ணினேன்? கடிபட்டு வந்தவங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாதுன்னு அப்பா தனியாச் சத்தியம்கூட வாங்கலை. அது சொல்ல வேண்டியதே இல்லைன்னு நினைச்சிருப்பார்.

— அப்போ வெளியில போய் உண்மையைச் சொல்லு.

— இப்பவே சொன்னா தாமி உள்ளே வந்து ஊசியைப் பிடுங்கிட்டு அவளைத் தூக்கிட்டுப் போயிடுவான். கேட்டியா, ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பே இல்லே? அது உறையட்டும். உறைஞ்ச நிமிஷம் நானே அவகிட்டச் சொல்றேன். அதுக்கப்புறம் ஊர்ல யாரும் என் முற்றத்தை மிதிக்கலைன்னாலும் சரி.

— உறையலைன்னா?

— அப்பவும் சொல்றேன்.

— சரி. இரு, அங்கே சத்தம்… சின்னம்மு, கையை இழுக்காதே! சிஸ்டர், பிடிங்க. சின்னம்மு, இங்கே பாரு, இது மருந்து. ஒண்ணுமில்லை, படு.

— என்ன ஆச்சு மினி?

— ஊசியைப் பிடுங்கப் பார்க்கிறா. நாடி குதிரை மாதிரி ஓடுது. மருந்து ஒத்துக்கலையோன்னு பார்த்துட்டேன். தடிப்பு இல்லை, மூச்சு நல்லா இருக்கு. வெறும் பயம். வாசு கிடந்த கட்டில் அதுதான்னு சொல்லிட்டே அழுறா. என் பேச்சு அவளுக்குக் காதுலயே விழலை. நீ ஏன் படுத்துட்டே இருக்கே? எழுந்து வா.

— வர முடியாதே.

— கால்ல முள்ளுதானே குத்தியிருக்கு!

— அதில்லை. இது உன் இடம், உன் நோயாளி. கூப்பிடாம நான் போகக் கூடாது.

— ஏட்டா, இப்பவா?

— இப்பத்தான்.

— …வைத்தியரே. என் நோயாளி பயந்து போயிருக்கா. என்கிட்ட அதுக்கு மருந்து இல்லை. நீங்க வந்து பார்க்கணும்.

— கூப்பிட்டாச்சு. வந்துட்டேன். நகருங்க சிஸ்டர். சின்னம்மு, நான்தான். அந்தக் கையை ஊசிக்கு விட்டுடு, இந்தக் கையை என்கிட்ட கொடு. வாசு கட்டில்தான், சரி. அவன் வந்தது மழைக்காய்ச்சல் முத்திப்போய். நீ வந்தது நேரத்துக்கு. எத்தனை கண்டம் வயல் நட்டீங்க இன்னிக்கு? சொல்லு. மூச்சை மெதுவா விட்டுட்டே சொல்லு. மீதி யார் நடுவா? அப்படியா, அவளா? அவ நட்டா வரிசை பாம்பு போன தடம் மாதிரியில்லே இருக்கும். சிரிச்சிட்டா பாரு மினி, சிரிச்சிட்டா.

*

— ஏட்டா, எழுந்திரு. அவ கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டே.

— விளக்கு போட்டாச்சா? ரத்தம் எடுத்தியா?

— எடுத்து, வச்சு, பார்த்துட்டேன். நீயும் பாரு. இதோ கவிழ்க்கிறேன்.

— மெதுவா மினி.

— மெதுவா என்ன, தலைகீழாவே பிடிக்கிறேன். ஒரு சொட்டு நகருதா?

— உறைஞ்சிடுச்சு.

— உறைஞ்சிடுச்சு ஏட்டா! ஈறுல ரத்தம் நின்னு போச்சு. சிறுநீர் தெளிவாப் போயிருக்கா. காலு வீக்கம் வடிய நாளாகும், சிறுநீரகத்தையும் இன்னும் சில நாள் கவனிக்கணும். ஆனா இவ நடந்துதான் வீட்டுக்குப் போவா. வெளியில சொல்லிட்டேன். தாமி சுவத்துல சாஞ்சு நின்னு குழந்தை மாதிரி அழுறான். உஸ்மான் ஊர் முழுக்கக் கட்டன்சாயா ஊத்திக் கொடுக்கிறான். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. இந்த ஊர்க்காரங்க என் கையில எதையாவது கொடுத்தது இதான் முதல் தடவை.

— நீ அழுறியா?

— சாயா சூடு. இன்னொண்ணு. நீ பேச ஆரம்பிச்சதும் அவ நாடி இறங்கிச்சு. எண்ணிப் பார்த்துட்டேதான் நின்னேன். பச்சிலையை நம்ப மாட்டேன், ஆனா எண்ணிப் பார்த்ததை இல்லைன்னு சொல்ல மாட்டேன். கேஷுவாலிட்டி பக்கத்துல ஒரு பெஞ்சு போடச் சொல்றேன். சூப்பிரண்டு குதிப்பார், குதிக்கட்டும். இந்த மழை முழுக்க அங்கே உட்காரு. உன்னைத் தேடி வர்றவங்க அங்கேயே வரட்டும்.

— கூப்பிடுறியா?

— கூப்பிடுறேன்.

— அப்போ பெஞ்சுல உட்கார்றதுக்கு முன்னாடி வாக்கைக் காப்பாத்தணும். முழிச்சுட்டா பாரு. சின்னம்மு, தண்ணி குடிச்சியா? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ என்னைத் திட்டலாம். தாமியைக் கூப்பிட்டும் திட்டச் சொல்லலாம். என்னை எந்தப் பாம்பும் கடிக்கலை.

— தெரியும் வைத்தியரே.

— டாக்டர் சொன்னாங்களா?

— நான் சொல்லலை ஏட்டா. சத்தியமா.

— யாரும் சொல்லலை. உங்க முற்றத்துத் தூணைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்ல, அங்கேர்ந்து பார்த்தா கிணத்தடி நேராத் தெரியும். நீங்க முள்ளை ஒடிச்சதைப் பார்த்தேன். விரலை வச்சு அளந்து குத்திக்கிட்டதையும் பார்த்தேன்.

— பார்த்துட்டுமா ஜீப்ல ஏறினே?

— பாம்பு கடிச்சுத்தான் நீங்க ஓடுறீங்கன்னு நினைச்சிருந்தா ஏறியிருக்க மாட்டேன் வைத்தியரே, உயிருக்குப் பயந்து ஓடுறவங்க பின்னாடி யாரு போவா? முள்ளைப் பார்த்ததும்தான் தூணை விட்டேன்.